வெறுப்பவனின் மண்டைக்குள் போவது எப்படி? இனவெறுப்புக் கதையை முதன்முறை வாசிப்பவருக்கு

இனவெறுப்பைப் பற்றிய ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு, அதைப் பற்றி எழுத உட்காரும் புதியவர்கள் பலர் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள். "இனவெறுப்பு கொடியது. இந்தக் கதை அதைக் காட்டுகிறது. மையப் பாத்திரம் கொடியவன்." அதற்கு மேல் என்ன எழுதுவது? நானும் அங்கேதான் நின்றேன். கதை நம்மை உலுக்கியிருக்கும், ஆனால் உலுக்கிய இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட வராது.

அடிபட்டவரின் பக்கம் நின்று எழுதிய கதையென்றால் இவ்வளவு திணறல் இருக்காது. நம் அனுதாபம் எங்கே போகவேண்டும் என்று நமக்குத் தெரியும். அடிக்கிறவனையே மையத்தில் உட்காரவைத்து, அவன் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லும் கதைதான் சிக்கல். இந்தக் கட்டுரை அந்த வகைக் கதைக்கானது.

உதாரணமாக ஒரு கதையை முழுசாக எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய 'கோயிங் டு மீட் த மேன்'. 1965-ல் அதே பெயருள்ள தொகுப்பில் வந்தது. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், ஆகவே முடிந்தால் கதையைப் படித்துவிட்டு வாருங்கள். சித்திரவதை, கும்பல் கொலை, பாலியல் எல்லாம் கதையில் நேரடியாகவே வரும். தெரிந்துகொண்டு போவது நல்லது.

கதை இதுதான். அமெரிக்காவின் தெற்கே ஒரு சிறு ஊர். ஜெஸ்ஸி வெள்ளைக்காரன், துணை ஷெரிஃப், அதாவது அந்தப் பகுதிக் காவல் தலைவரின் கீழ் வேலை செய்பவன். ஓர் இரவு மனைவி கிரேஸின் பக்கத்தில் படுத்திருக்கிறான். உடல் ஒத்துழைக்கவில்லை. தூக்கமும் வரவில்லை. அன்று பகலில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வரிசையில் நின்ற கறுப்பின மக்களைக் கைதுசெய்திருக்கிறார்கள். அவர்களை வழிநடத்திய இளைஞரைச் சிறையில் வைத்து இவன் அடித்திருக்கிறான். அந்த நினைவு பழைய நினைவுகளை இழுத்துவருகிறது. கடைசியில் சிறுவயதில் அப்பா அம்மாவோடு போய்ப் பார்த்த ஒரு கொலை, கறுப்பினத்தவர் ஒருவரை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றது, நினைவுக்கு வருகிறது. அது வந்ததும் உடலில் தெம்பு திரும்புகிறது. மனைவியை எழுப்புகிறான். விடிகிறது.

"இவன் எவ்வளவு கெட்டவன்?" என்ற கேள்வி இந்தக் கதையில் உங்களை எங்கும் கொண்டுபோகாது. அதற்குப் பதில் முதல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. "இந்த வெறுப்பு இவனுக்கு என்ன கொடுக்கிறது?" என்று கேளுங்கள். இதுதான் உங்கள் சாவிக் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் இதை நோக்கித்தான் போகின்றன.

முதல் படி: அரை மணி நேர வரலாறு

ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கதையில் வருவது எது மிகை, எது அன்றாடம் என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வாக்குரிமை. 1960-களின் தொடக்கத்தில் அலபாமா, மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை காகிதத்தில் இருந்தது. பெயரைப் பதியப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்பார்கள், அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள், வேலையிலிருந்து நீக்குவார்கள், ஷெரிஃபின் ஆட்கள் அடிப்பார்கள். அலபாமாவின் செல்மா நகரில் 1963 அக்டோபர் 7 அன்று பதிவுக்காக நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றபோது பால்ட்வின் அங்கே இருந்தார். மாடுகளை விரட்டும் மின்கோலை மனிதர்கள்மேல் பயன்படுத்தியது அந்தக் காலத்துப் போலீஸ் வழக்கம். கதையில் அது வரும்போது, எழுத்தாளர் திகிலுக்காகச் சேர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6-ல்தான் கையெழுத்தானது. கதை வந்ததும் அதே ஆண்டு.

இரண்டாவது, லிஞ்சிங் என்ற கும்பல் கொலை. அலபாமாவிலுள்ள டஸ்கீகி கல்வி நிறுவனம் தொகுத்த கணக்கின்படி 1882 முதல் 1968 வரை 4,743 பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். எண்ணிக்கையைவிட நடந்த விதத்தைக் கவனியுங்கள். 1916 மே மாதம் டெக்சஸின் வேக்கோ நகரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற பதின்வயதுப் பையன் பட்டப்பகலில் எரிக்கப்பட்டபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் வேடிக்கை பார்த்தது. எடுத்த புகைப்படங்கள் தபால் அட்டையாக விற்பனையாயின. பிள்ளைகளும் கூட்டத்தில் இருந்தார்கள். இது தெரிந்தால், கதையில் ஒரு குடும்பம் சாப்பாடு கட்டிக்கொண்டு கொலை பார்க்கக் கிளம்பும் காட்சியைப் புனைவின் மிகை என்று ஒதுக்க முடியாது.

அப்புறம் தலைப்பு. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 'த மேன்' என்றால் வெள்ளைக்கார அதிகாரி, முதலாளி, போலீஸ். இந்தக் கதையில் 'அந்த மனிதனை'ப் பார்க்கப் போவது யார்? சிறையில் இருப்பவர்கள் ஜெஸ்ஸியையா, சிறுவன் ஜெஸ்ஸி மரத்தில் தொங்குபவரையா? இதை இப்போதே முடிவுசெய்ய வேண்டாம், ஓரமாக எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம்

ஒரே மூச்சில் படியுங்கள். முடித்ததும் இரண்டே இரண்டு குறிப்புகள். எங்கே புத்தகத்தை மூட நினைத்தீர்கள்? எங்கே, உங்களை அறியாமல், ஜெஸ்ஸியோடு ஒத்துப்போனீர்கள்?

இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கும், எழுதியே ஆகுங்கள். எனக்கு அது கதையின் தொடக்கத்திலேயே நடந்தது. தூக்கம் வராமல், களைத்துப்போய், தன் உடல்மேலேயே எரிச்சலோடு கிடக்கும் ஒரு நடுவயது ஆள். பாவம் என்றிருந்தது. அடுத்த பத்தியில் அவன் வாயைத் திறந்தான்.

மூன்றாம் படி: இந்த வாக்கியம் யாருடையது?

இப்போது பென்சிலை எடுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கதை படர்க்கையில் நடக்கிறது: 'அவன் நினைத்தான்', 'அவன் திரும்பிப் படுத்தான்'. ஆனால் கதைசொல்லி ஜெஸ்ஸியின் தலைக்கு வெளியே வருவதே இல்லை. தான் நல்லவன், கடவுளுக்குப் பயந்தவன், கடமையைச் செய்கிறவன் என்று ஜெஸ்ஸி நம்புகிறான். அந்த நம்பிக்கை 'ஜெஸ்ஸி அப்படி நினைத்தான்' என்ற வேலி இல்லாமல், உண்மை போலவே பக்கத்தில் கிடக்கும். கறுப்பின மக்களைப் பற்றிய வசைகளும் அப்படியே கிடக்கும். எழுத்தாளர் குறுக்கே வந்து 'இது தப்பு' என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லமாட்டார். பால்ட்வின் 1924-ல் நியூயார்க்கின் ஹார்லமில் பிறந்த கறுப்பினத்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரிகளைத் திரும்பப் படியுங்கள். தன்னை மனிதனாகவே எண்ணாத ஒருவனின் மண்டைக்குள் உட்கார்ந்து, அவன் நியாயங்களை அவன் நம்பும் தொனியிலேயே எழுதியிருக்கிறார்.

செய்யவேண்டியது எளிது. ஓரத்தில் இரண்டு குறி போடுங்கள். நடந்ததைச் சொல்லும் வாக்கியத்துக்கு ஒன்று, ஜெஸ்ஸியின் கருத்துக்கு ஒன்று. இரண்டு பக்கம் தாண்டியதும் எல்லாக் கருத்தும் நடந்தவை மாதிரி வேடம் போட்டிருப்பது தெரியும். வெறுப்பு உள்ளேயிருந்து பார்ப்பவனுக்கு வெறுப்பாகவே தெரியாது, 'உலகம் இப்படித்தான்' என்றுதான் தெரியும். இதைப் பால்ட்வின் வாக்கிய அமைப்பிலேயே செய்துவிடுகிறார்.

கருத்தும் நடப்பும் மோதும் இடங்களுக்கு வட்டம் போடுங்கள். ஜெஸ்ஸி ஊர்க்காரர்களைப் பற்றி யோசிக்கும் பத்தி அப்படிப்பட்டது. தாங்கள் போரில் நிற்கும் வீரர்கள் என்று எண்ணுகிறான். அடுத்த மூச்சிலேயே, தங்களுக்குள் இருக்கும் உறவு ஒரு குற்றத்தில் கூட்டாளிகளாக இருப்பவர்களின் உறவு, எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது. அவனுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அவன் தாண்டிப் போகும் வேகத்தைத்தான் நீங்கள் பிடிக்கவேண்டும்.

நான்காம் படி: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானிப்போம். தமிழில் வாசிக்கும் நமக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. நீ, நீங்கள், வா, வாங்க என்பதில் மரியாதையும் அவமதிப்பும் ஒளிந்திருப்பது நமக்குக் குழந்தையிலேயே தெரியும்.

தெற்கில் வெள்ளையர்கள் கறுப்பினப் பெரியவர்களை 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்று அழைப்பதில்லை. முதற்பெயர்தான், இல்லாவிட்டால் 'பையா'. பேரன் பேத்தி எடுத்தவரும் பையன்தான். வயதானவர்களை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்பார்கள். இதை மாமா, அத்தை என்று தமிழாக்கிவிட்டால் குட்டிச்சுவர், பாசம் வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே அது 'மிஸஸ்' என்ற சொல்லைக் கொடுக்காமல் தப்பிக்கும் தந்திரம்.

இது சின்ன விஷயமில்லை என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 1963-ல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற குடிமை உரிமைச் செயல்பாட்டாளர் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று கூப்பிட்டார். 'மிஸ் ஹாமில்டன்' என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது.

இப்போது கதைக்கு வாருங்கள். சிறையில் அடிபட்டுக் கிடக்கும் இளைஞரை ஜெஸ்ஸிக்கு எங்கோ பார்த்த நினைவு. பல வருடங்களுக்கு முன், தபால்வழி விற்பனை நிறுவனம் ஒன்றுக்காகக் கறுப்பினக் குடும்பங்களிடம் தவணைப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தான். ஒரு வீட்டு வாசலில், ஊஞ்சலில் இருந்த சிறுவனிடம் 'கிழட்டு ஜூலியா வீட்டில் இருக்கிறாளா?' என்ற தோரணையில் கேட்டான். அப்படி யாரும் இங்கே இல்லை என்றான் சிறுவன். உன்னிடம் இருக்கும் எதுவும் எனக்கு வேண்டாம் என்றும் சொன்னான். அந்தச் சிறுவன்தான் இந்த இளைஞர். ரத்தம் வழிய, கண் திறக்க முடியாமல் கிடக்கும்போது அவர் சொல்வது இதைத்தான்: என் பாட்டியின் பெயர் திருமதி ஜூலியா பிளாசம். எங்கள் பெண்களை நீங்கள் சரியான பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் போகிறீர்கள்.

கதையில் ஜெஸ்ஸி நிலைகுலையும் இடம் இது. துப்பாக்கி அவன் கையில், சிறை அவனுடையது, எதிரே இருப்பவர் எழுந்து நிற்கக்கூட முடியாதவர். இருந்தும் அவனுக்கு நடுக்கம். ஏன்? உங்கள் சாவிக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். 'கிழட்டு ஜூலியா' என்று கூப்பிட முடிவதுதான் ஜெஸ்ஸி யார் என்பதை ஜெஸ்ஸிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தவணை வசூலிக்கும் சாதாரண ஆளுக்கு அந்த வாசலில் கிடைத்த ஒரே உயரம் அது. அதை ஒரு சிறுவன் மறுத்துவிட்டான். வளர்ந்து வந்து மறுபடியும் மறுக்கிறான்.

ஒரு கைவேலை. தாளை இரண்டாக மடித்து, கதையில் பெயர் உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை மறுபக்கமும் எழுதுங்கள். இளைஞருக்குப் பெயர் இல்லை. மரத்தில் தொங்கியவருக்கும் இல்லை. ஆனால் காட்சிக்கே வராத ஒரு பாட்டிக்குப் பட்டத்தோடு முழுப்பெயர் உண்டு.

இன்னொன்று, இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். ஆங்கிலத்தின் 'ஹீ'யில் மரியாதையும் கிடையாது, மரியாதைக்குறைவும் கிடையாது. தமிழில் அவன், அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். ஜெஸ்ஸியின் எண்ணத்தைச் சொல்லும்போது அந்த இளைஞர் 'அவன்'. நீங்களாகப் பேசும்போது 'அவர்'. நான் மேலே சிறுவனாக இருந்தபோது 'அவன்' போட்டேன், சிறையில் 'அவர்' போட்டேன், 'வளர்ந்து வந்து மறுக்கிறான்' என்று மறுபடி வழுக்கிவிட்டேன். அந்த வாக்கியம் யாருடைய தலைக்குள் இருந்து வந்தது என்று யோசித்துவிட்டு, திருத்தாமல் விட்டேன்.

ஐந்தாம் படி: நடந்த வரிசை, சொன்ன வரிசை

நான்கு காலங்கள்: சிறுவயதுக் கொலை, வசூல் நாட்கள், இன்று பகல், இந்த இரவு. நடந்தது இந்த வரிசையில். சொல்லப்படுவது ஏறத்தாழ தலைகீழாக. இரவில் தொடங்கி, பகலுக்குப் போய், வசூலைத் தொட்டு, கடைசியில்தான் சிறுவயது.

ஒரு காலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கதவு எது என்று தேடுங்கள். பெரும்பாலும் பாட்டு. சிறையில் இருப்பவர்கள் பாடுகிறார்கள். பாட்டை நிறுத்தச் சொல் என்றுதான் இளைஞரை அடிக்கிறார்கள். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அதே மாதிரியான பாட்டைத்தான் ஜெஸ்ஸி குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்தான். தங்களுக்காகவும் கடவுளிடம் வேண்டிப் பாடுகிறார்கள் என்று நம்பி வளர்ந்தான். இருட்டில் படுத்திருப்பவன் மனதில் ஒரு வரி கேட்கிறது, முப்பது சொச்சம் வருடம் பின்னால் போய் விழுகிறான்.

விளைவை முதலில் காட்டி, காரணத்தைக் கடைசிக்கு ஒதுக்கியதால் என்ன லாபம்? சிறுவனின் கதையை முதலில் சொல்லியிருந்தால் 'பாவம், இப்படி ஆக்கிவிட்டார்கள்' என்று சிறைக் காட்சியையே மன்னித்திருப்போம். மின்கோலைப் பார்த்த பிறகுதான் குழந்தையைப் பார்க்கிறோம். அனுதாபம் வருகிறது, ஆனால் எங்கேயும் உட்கார இடமில்லாமல் வருகிறது.

ஆறாம் படி: வெறுப்பு கொடுக்கும் பரிசுகளைப் பட்டியல் போடுங்கள்

கடைசிக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். உங்களால் முடிந்த அளவுக்கு.

சிறுவன் ஜெஸ்ஸிக்கு எட்டு வயது. ஓட்டிஸ் என்ற கறுப்பினச் சிறுவன் அவனுடைய நண்பன். ஓட்டிஸைக் காணவில்லை. அப்பாவிடம் கேட்கிறான். ஓட்டிஸ் ஒன்றும் செய்யவில்லையே என்கிறான். ஓட்டிஸ் எதுவும் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இது என்ற பொருளில் அப்பா பதில் சொல்கிறார். மறுநாள் காலை ஊரே கிளம்புகிறது. பிக்னிக்குப் போகிறோம் என்கிறார்கள். அம்மா அலங்காரம் செய்துகொள்கிறாள். சாப்பாடு கட்டியாகிறது.

அங்கே நடப்பதை விவரிக்க நான் விரும்பவில்லை. பால்ட்வின் ஒன்றையும் மறைக்கவில்லை. நீங்கள் கவனிக்கவேண்டியது சிறுவனின் இடம்: அப்பாவின் தோள்மேல். கூட்டத்தில் எல்லோரையும்விட உயரத்தில், எல்லாம் தெளிவாகத் தெரியும் இடத்தில். பயப்படுகிறான். அம்மாவின் முகம் என்றும் இல்லாத அழகோடு இருப்பதைப் பார்க்கிறான். எல்லாம் முடிந்தபின், தன் வாழ்நாளில் என்றைக்கும்விட அதிகமாக அப்பாவை நேசிக்கிறான். பெரிய சோதனையிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு ரகசியத்தை அப்பா தனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டதாக உணர்கிறான்.

பட்டியலை இப்போது எழுதலாம். வெறுப்பு ஜெஸ்ஸிக்கு அப்பாவின் அன்பைக் கொடுத்தது, ஊரோடு சேர்ந்து நிற்கும் இடத்தைக் கொடுத்தது, ஆண் என்ற உறுதியையும் கொடுத்தது. மரத்தில் தொங்கியவரின் ஆண்மை வெட்டப்பட்டதும், இந்த இரவில் ஜெஸ்ஸியின் உடல் முரண்டுபிடிப்பதும், அந்த நினைவு வந்ததும் சரியாவதும் ஒரே நூலில் கோத்தவை. கறுப்பின ஆணைப் பற்றிய பயமும் பொறாமையும் கற்பனையும் இல்லாமல் தன் மனைவியைத் தொடக்கூட அவனால் முடியவில்லை.

கொடுத்ததற்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டதையும் எழுதுங்கள். என் பட்டியலில் முதல் பெயர் ஓட்டிஸ். அந்தக் காலைக்குப் பிறகு கதையில் ஓட்டிஸ் இல்லை. ஜெஸ்ஸி அவனைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதன்முறை இந்தக் கதையைப் பற்றி எழுதியபோது ஜெஸ்ஸியை 'மனநோயாளி' என்று எழுதினேன். அது எவ்வளவு சோம்பேறித்தனமான சொல் என்று பிறகுதான் புரிந்தது. கதை நேர்மாறாகச் சொல்கிறது. அந்தக் காலையில் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்தார், நல்லபடி சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள். அவர்களை நோயாளி ஆக்கினால் கதையின் கழுத்தை நெரித்துவிடுகிறோம். 'அப்படியானால் அவன்மேல் தப்பில்லை என்கிறீர்களா?' என்று கேட்பார்கள். எட்டு வயதில் தோள்மேல் இருந்தான். இன்று பகல் மின்கோலைப் பிடித்திருந்தது வளர்ந்த ஆளின் கை. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றால் மற்றதை அழிக்காதீர்கள்.

ஏழாம் படி: பக்கத்தில் இன்னொரு கதையை வையுங்கள்

ஒப்பிட ஆள் இல்லாமல் ஒரு பாத்திரத்தின் அளவு தெரியாது. நான் வைப்பது யூடோரா வெல்ட்டியின் 'வேர் இஸ் த வாய்ஸ் கமிங் ஃப்ரம்?' என்ற சின்னக் கதை.

1963 ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் குடிமை உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வெல்ட்டி அதே ஊரில் பிறந்தவர், வெள்ளையர். செய்தி கேட்ட இரவே, யார் சுட்டது என்று தெரியாத நிலையில், சுட்டவனின் குரலில் கதையை எழுதினார். 'நியூயார்க்கர்' இதழ் ஜூலை 6-ல் வெளியிட்டது. அதற்குள் ஒருவன் கைதாகிவிட்டதால், நிஜத்தோடு ரொம்பவே ஒத்துப்போன சில விவரங்களை அச்சுக்கு முன் மாற்றவேண்டி வந்தது.

இங்கே எல்லாம் தன்மையில், 'நான்' என்று. பெயர்ப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். கொல்லப்படுபவருக்கு ரோலண்ட் சம்மர்ஸ் என்ற பெயர் உண்டு, கொல்பவனுக்குப் பெயரே இல்லை. மைத்துனனின் லாரியை இரவல் வாங்கிக்கொண்டு போகிறான். அங்கே கார் நிறுத்தும் கொட்டகையில் விளக்கு எரிகிறது, சம்மர்ஸிடம் புதுக் கார் இருக்கிறது, வீட்டில் மனைவி விழித்திருக்கிறாள். தொலைக்காட்சியில் வருவதும் சம்மர்ஸின் முகம்தான். உன்னைவிட மேலே இருக்க எனக்கு ஒரே வழிதான் மிச்சம் என்பதுபோலப் பேசுகிறான். சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் மனைவி, கொசு கடிக்கவில்லையா என்று கேட்கிறாள், துப்பாக்கியை விட்டுவிட்டு வந்ததற்குக் குத்திக்காட்டுகிறாள். கடைசியில் ஆளில்லாத வீட்டில் பழைய கித்தாரை எடுத்து வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சாவிக் கேள்வியை இவனிடமும் கேளுங்கள். ஜெஸ்ஸிக்கு வெறுப்பு ஊரைக் கொடுத்தது, இவனுக்கு அதுகூட இல்லை. ஒரு நிமிட உயரம், அவ்வளவுதான்.

வெல்ட்டியிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதையின் கொலைகாரன் ஏழை வெள்ளைக்காரன், கொச்சைப் பேச்சுக்காரன். நிஜத்தில் கைதான பைரன் டி லா பெக்வித் பழைய செல்வாக்குள்ள குடும்பத்தில் வந்த உர விற்பனையாளன். 1964-ல் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரிகள் இரண்டு முறை முடிவுக்கு வராமல் கலைந்தன. 1994-ல்தான் தண்டனை வந்தது. வெறுப்பை ஏழையின் குடிசையில் கொண்டுபோய் வைப்பது, வசதியாக உட்கார்ந்து படிப்பவருக்குச் சௌகரியம். பால்ட்வின் அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை. அவர் கூட்டத்தில் ஊரே இருந்தது. ஆனாலும் குரலைப் பிடித்த காதுக்கு வெல்ட்டிதான். நீங்கள் ஒத்துக்கொள்ளவேண்டும் என்றில்லை, இப்படி ஒரு சண்டையைக் கதையோடு போடுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

எட்டாம் படி: கதையையே கேள்வி கேளுங்கள்

வெறுப்பவனை மையத்தில் வைத்தால் அடிபட்டவர்கள் வெளியிலிருந்து மட்டுமே தெரிவார்கள். இரண்டு கதைகளிலும் அப்படித்தான். இது நியாயமா? ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் இதைக் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது அரைப் பதில் இருக்கிறது: பாட்டியின் பெயரைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் இளைஞர் ஜெஸ்ஸியின் மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார், கதைசொல்லியாலும் அவரை அடக்க முடியவில்லை. மரத்தில் தொங்கியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெண்களின் நிலையையும் பாருங்கள். கிரேஸ் தூங்குகிறாள். கறுப்பினப் பெண்கள் ஜெஸ்ஸி நினைத்தபோது இழுத்துப்போகக்கூடியவர்களாக மட்டும் அவன் நினைப்பில் வருகிறார்கள். அது ஜெஸ்ஸியின் குருடா, கதையின் குருடா? நான் முந்தியது என்பேன்.

ஒன்பதாம் படி: எழுதுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். 'இனவெறுப்பு என்பது…' என்று தொடங்காதீர்கள். கதையிலிருந்து ஒரு பொருளை, சத்தத்தை, பெயரை எடுத்துத் தொடங்குங்கள். வசைச்சொல்லை மேற்கோளில் தவிர வேறெங்கும் உங்கள் வாக்கியமாக எழுதாதீர்கள். மேற்கோளிலும் தேவைக்கு ஒரு முறை போதும். 'கொடூரம்', 'மனிதாபிமானமற்ற' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். கதைச் சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

எங்கே தொடங்குவது என்று இன்னமும் தடுமாறினால் பால்ட்வினின் கடைசி வரிகளில் தொடங்கலாம். ஜெஸ்ஸி மனைவியோடு இருக்கும்போது வெளியே விடிகிறது. முதல் சேவல் கூவுகிறது, நாய்கள் குரைக்கத் தொடங்குகின்றன, சரளைக்கல் சாலையில் டயர் உரசும் சத்தம் கேட்கிறது. வருவது யாருடைய வண்டி என்று கதை சொல்வதில்லை. என் பிரதியில் அந்த இடத்தின் ஓரத்தில் மூன்று முறை மூன்று வெவ்வேறு பதில்களை எழுதி, மூன்றையும் அடித்திருக்கிறேன்.